யார் செய்த வினை?

ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு அமிர்தகழி சனத்தால் நிரம்பி வழியும். இராமர் இலிங்கம் வைத்து வழிபட்ட இடமென்று ஊர் நம்பும் மாமாங்கேஸ்வரர் கோயிலின் தீர்த்தக்குளத்தில், தகப்பனை இழந்தவர்கள் முழுகி எழுந்து பிதிர்க்கடன் தீர்ப்பார்கள். மற்ற நாட்களில் வருகிறவர்களின் மன்றாட்டம் வேறு. உயிரோடு இருக்கும் தகப்பனுக்காகவும் தாய்க்காகவும் அவர்கள் வருகிறார்கள். அர்ச்சனைத் தட்டை ஒரு கையிலும் கிளினிக் கொப்பியை மறு கையிலும் வைத்துக்கொண்டு நிற்பவர்களை மட்டக்களப்பின் எந்தக் கோயிலிலும் பார்க்கலாம். கும்பிட்ட கையோடு நேரே போதனா வைத்தியசாலைக்குப் போவார்கள். அங்கே மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். சிலர் இரவு ரெயிலிலோ பஸ்ஸிலோ ஏறி மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலைக்குப் போவார்கள்.

புற்றுநோய் முற்றிய கட்டத்தில்தான் தெரிய வந்தது என்றால், வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் சொல்லும் ஆறுதலில் ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கும். இப்படி வருவதற்கு என்ன பாவம் செய்தார்கள்? குலதெய்வத்துக்கு வைத்த நேர்த்தியை மறந்திருப்பார்களோ? போன பிறப்பில் செய்த வினையோ? கேட்கிறவர் கெட்டவரல்ல. பதில் தெரிந்தால் பயம் குறையும் என்று நினைக்கிறார், அவ்வளவுதான். ஆனால் கட்டிலில் கிடப்பவருக்கு அந்தக் கேள்வி இரண்டாவது நோயாகிவிடுகிறது. வலியோடு குற்றவுணர்வையும் அவர் சுமக்க வேண்டியிருக்கிறது. இந்த மண்ணின் சமயங்கள் உண்மையில் அப்படித்தான் சொல்கின்றனவா என்பதை, நோயாளியின் தலைமாட்டில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சில புற்றுநோய்களுக்குக் காரணம் தெரியும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையும் அதற்கு முக்கிய காரணங்கள். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. வெற்றிலைத் தட்டு வைக்காமல் விருந்தாளியை வரவேற்காத ஊருக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் காரணத்தை அறிவது ஒன்று, குற்றம் சாட்டுவது இன்னொன்று. ஊரெல்லாம் வெற்றிலை போட்டது. நோய் சிலருக்குத்தான் வந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு யாரைக் கணக்குக் கேட்பது?

சைவ சித்தாந்தம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறது. அந்தத் தத்துவத்தின் ஆழத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை அடுத்த வீட்டுக்காரரின் நோய்க்குப் பொருத்தித் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் அது உரிமை கொடுக்கவில்லை. தேவார மூவரில் ஒருவரான திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது, கூட வந்த அடியார்கள் குளிர்சுரத்தில் விழுந்தார்கள். அப்போது அவர் பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். எல்லாம் வினைப்பயன் என்று வாய் பேசிக்கொண்டு, தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது குறைபாடு என்று அந்தப் பதிகம் தொடக்கத்திலேயே கண்டிக்கிறது. விதியைக் காரணம் காட்டிக் கைகட்டி நிற்பதைச் சைவத்தின் மூலநூலே ஏற்கவில்லை. நோயாளியின் வீட்டுக்குப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொண்டு போகலாம்.

திருநாவுக்கரசரின் சூலை நோய்க் கதை இன்னும் சிக்கலானது. சேக்கிழார் சொல்லும் கதையில் நோயை அனுப்புவதே இறைவன்தான். சமணம் சேர்ந்த தம்பியை மீட்க அக்கா திலகவதியார் வேண்டியதற்குக் கிடைத்த பதில் அது. ஆகவே நோய் ஒரு தண்டனை என்று வாதிட இந்தக் கதையையே ஒருவர் எடுத்து வரலாம். ஆனால் அக்கா என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். தம்பி ஆள் அனுப்பியபோது, சமணர் இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்று மறுத்தவர் அவர். அதே தம்பி இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, போனது ஏன் என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். விடியுமுன் கோயிலைக் கூட்டி மெழுகப் போகும் வழக்கமான வேளையில் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்ட பிறகு, தம்பிக்காகவே உயிர் வைத்திருந்த பெண் அவர். நோய்க்கு யார் காரணம் என்பதைப் புராணம் பேசுகிறது. அவரோ அந்த விசாரணைக்குள் போகவே இல்லை.

கிறிஸ்தவர்களிடம் இதே விவாதம் யோபுவின் கதையாக இருக்கிறது. எல்லாம் இழந்து உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்தவனைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் நடந்தது. வாய் திறந்த பிறகு, நீ பாவம் செய்திருக்க வேண்டும் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்தச் சிநேகிதர்களைத்தான்.

மட்டக்களப்புக்கு இந்தக் கேள்வியில் தனியான ஒரு தொடர்பு உண்டு. நகரிலிருந்து பாலம் கடந்து போனால் கல்லடி உப்போடை. அங்கே சுவாமி விபுலானந்தர் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் இருக்கிறது. அவருடைய சமாதியும் அங்கேதான். இராமகிருஷ்ண மிஷனின் ஆச்சிரமமும் பக்கத்தில். பாடசாலையின் பெயருக்குரிய சுவாமி சிவானந்தர் விபுலானந்தருக்குத் துறவு கொடுத்த குரு. துறவியாகுமுன் அவருடைய பெயர் தாரக். கல்கத்தாவுக்கு வெளியே காசிப்பூர்த் தோட்ட வீட்டில், தொண்டைப் புற்றுநோயால் வதைபட்ட ஒருவரை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட இளைஞர்களில் தாரக்கும் ஒருவர். நோயாளி, ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சர்.

மட்டக்களப்பின் எத்தனையோ சுவாமி அறைகளில் அவர் படம் இருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பவர் புற்றுநோயாளி என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

1885இல் அவருக்குத் தொண்டையில் வலி தொடங்கியது. வைத்தியத்துக்காகத் தக்ஷிணேஸ்வரத்திலிருந்து கல்கத்தாவின் சியாம்புகூர் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்தவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். விஞ்ஞானத்தில் ஊறியவர், அவதாரம் என்ற பேச்சை ஏற்காதவர். ஆனாலும் மணிக்கணக்கில் நோயாளியோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அந்த வீட்டில் பெண்கள் தங்கத் தனி அறை இல்லை. மனைவி சாரதா தேவி, மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டின் உச்சியில் இருந்த ஒரு சின்னக் கூரையிட்ட இடத்தில் பகல் முழுவதும் இருந்து பத்தியச் சாப்பாடு சமைத்தார். ஆண்கள் எழும்புமுன், விடியற்காலை மூன்று மணிக்கு முன்பே கீழே வந்து குளித்துவிட்டு மேலே ஏறிவிடுவார். எல்லாரும் படுத்த பிறகுதான் தூங்க இறங்குவார். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் நாள் இன்றைக்கும் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை.

1885 டிசம்பரில் காசிப்பூருக்கு மாறினார்கள். நோய் முற்றியது, சோறு இறங்கவில்லை. நத்தை போட்டுக் காய்ச்சிய இரசம் கொடுக்கச் சொன்னது வைத்தியம். உயிரோடு இருக்கும் நத்தையைக் கொல்ல சாரதா தேவி தயங்கினார். கொடுக்கத்தான் வேண்டும் என்றார் இராமகிருஷ்ணர். மருந்தை மறுப்பது பக்தி என்று அவர் எண்ணவில்லை. இன்னொரு நாள் பால் பாத்திரத்தோடு படியேறும்போது சாரதா தேவி விழுந்து கால் சுளுக்கிக்கொண்டார். மூன்று நாள் அவரால் சாப்பாடு கொண்டுபோக முடியவில்லை.

சீடர்களுக்கு ஒரு யோசனை வந்தது. காளியிடம் நேரே பேசுகிறவர்தானே, சாப்பிடவாவது முடியட்டும் என்று கேட்கக் கூடாதா? கெஞ்சிக் கேட்டார்கள். அவரும் கேட்டார். தாய் அங்கே நின்ற சீடர்களையெல்லாம் காட்டி, இத்தனை வாயால் நீதானே சாப்பிடுகிறாய் என்றாளாம். அதற்கு மேல் கேட்க வெட்கமாக இருந்தது என்று அவர் சீடர்களிடம் சொன்னார். கேட்ட வேண்டுதலுக்குக் கிடைத்த பதில் தொண்டையைத் திறக்கவில்லை.

சாரதா தேவியும் தன் வழியில் போராடினார். தாரகேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போய்த் தண்ணீரும் குடிக்காமல் இரண்டு நாள் சன்னிதியில் கிடந்தார். மட்டக்களப்புத் தாய்மார் கண்ணகை அம்மனுக்கும் மண்டூர் முருகனுக்கும் வைக்கும் நேர்த்தியோடு கூடப்பிறந்த விரதம் அது. நோய் தீரும் என்ற வாக்கு கிடைக்கவில்லை. இந்த உலகத்தில் யாருக்கு யார் சொந்தம் என்ற ஒரு விரக்திதான் மனதில் எழுந்தது. எழும்பி வந்தார். திரும்பவும் அடுப்பைப் பற்றவைத்தார். 1886 ஆகஸ்ட் 16இல் இராமகிருஷ்ணர் காலமாகும் வரை அந்த அடுப்பு எரிந்தது.

பலிக்காத நேர்த்தியைப் பற்றி ஊரில் பேச ஆளில்லை. பலித்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். காவடி எடுத்தவருக்கு நோய் சுகமான கதை ஊர் ஊராகப் போகும். அம்மனுக்கு எல்லாம் செய்தும் ஆளைக் காப்பாற்ற முடியாத வீடு வாயை மூடிக்கொள்ளும். எங்கள் பக்தியில்தான் பிழை என்று தனக்குள்ளே எண்ணிக்கொள்ளும். அந்த வீட்டாரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: சாரதா தேவியின் விரதமும் பலிக்கவில்லை. அவருடைய பக்தியில் பிழை என்று சொல்ல யாருக்காவது துணிவு வருமா?

காசிப்பூரில் நடந்த இன்னொன்று வரலாறாகிவிட்டது. வீட்டார் எதிர்க்க, படிப்பையும் வேலையையும் விட்டுவிட்டு, முறை வைத்து நோயாளியைப் பார்த்த நரேந்திரனும் (பின்னாளில் விவேகானந்தர்) தாரக்கும் மற்ற இளைஞர்களும் அங்கேதான் ஒரு குடும்பமானார்கள். இராமகிருஷ்ண மடத்தின் முதல் வேர் ஒரு புற்றுநோயாளியின் அறையில் இறங்கியது. கல்லடியில் விபுலானந்தர் கட்டிய பாடசாலையும் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லமும் அந்த வேரிலிருந்து வந்தவை.

தமிழ்நாட்டில் இராமகிருஷ்ணரின் நோய்க்கு இணையான நிகழ்வு திருவண்ணாமலையில் நடந்தது. 1949 தொடக்கத்தில் ரமண மகரிஷியின் இடது முழங்கைக்கருகே இருந்த சிறு கட்டியை அகற்றினார்கள். அது திரும்பவும் வளர்ந்தது. சார்கோமா எனும் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மொத்தம் நாலு சத்திர சிகிச்சை, ரேடியம் சிகிச்சை. ஆயுர்வேதம், சித்த வைத்தியம், ஹோமியோபதி என்று பக்தர்கள் எந்த வைத்தியரைக் கூட்டி வந்தாலும் மறுக்கவில்லை. ஆனால் கையை வெட்டி எடுக்க வேண்டும் என்ற யோசனையை ஏற்கவில்லை. உடம்பே ஒரு நோய்தானே, அது தன் போக்கில் முடியட்டும் என்பது அவர் நிலை. 1950 ஏப்ரல் 14 இரவு காலமாகும் வரை, வந்தவர்களுக்குத் தரிசனம் கொடுப்பதை நிறுத்தவில்லை. சிகிச்சையை ஏற்பதும் ஓர் எல்லையில் போதும் என்பதும் ஒரே மனிதரிடம் முரணின்றி இருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

முற்றிய புற்றுநோயில் வீடுகள் தடுமாறும் இடம் இந்த எல்லைதான். அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. சமய நம்பிக்கையைப் பெரிதும் பற்றிக்கொண்டவர்களில் 13.6 வீதமானோர், கடைசி ஒரு வாரத்தில் உயிரை நீடிக்கும் தீவிர சிகிச்சையில் இருந்தார்கள். அவ்வளவு பற்றிக்கொள்ளாதவர்களில் அது 4.2 வீதம். கடவுள் கைவிடமாட்டார் என்பதால் எதையும் நிறுத்தக் கூடாது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அதில் தப்பில்லை. ஆனால் கடைசி நாட்களைக் குழாய்களுக்கு நடுவே கழிப்பதா, பேரப்பிள்ளைகளுக்கு நடுவே கழிப்பதா என்பதை நோயாளியிடம் யாரும் கேட்காமலே முடிவாகிவிடுகிறது என்றால், அது நம்பிக்கையின் பெயரில் நடக்கும் அநியாயம்.

கேட்பதற்கு முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கேதான் எங்கள் வீடுகள் சறுக்குகின்றன. “அம்மாவிட்ட மட்டும் சொல்லிராதீங்க டொக்டர்” என்று மகன் வாசலில் வைத்து இரகசியம் பேசுகிறான். உள்ளே அம்மாவோ, மகன் தாங்கமாட்டான் என்று தனக்குத் தெரிந்ததை மறைக்கிறார். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து இருவரும் தனித்துப் போகிறார்கள். மன்னிப்புக் கேட்க, காணியை எழுதிக் கொடுக்க, வெளிநாட்டில் இருக்கும் மகளை வரச்சொல்ல, ஒரு தரம் கதிர்காமம் போய்வர என்று மிச்சமிருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை எத்தனையோ இருக்கும். உண்மையை மறைத்தால் அவை செய்யாமலே போகும். சமயச் சடங்குகளுக்கும் இதே கதிதான். கத்தோலிக்கரின் நோயில் பூசுதல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, மரணப் படுக்கைக்கு மட்டும் உரியதல்ல, கடும் நோயில் விழுந்த எவருக்கும் பலம் கொடுப்பது என்று ஆகிவிட்டது. ஆனாலும் சுவாமியார் வீட்டுக்கு வந்தால் முடிவு வந்துவிட்டது என்று பயந்து, கடைசி மூச்சுவரை அவரைக் கூப்பிடாமல் இருக்கும் வீடுகள் உண்டு.

வலி விஷயத்திலும் ஒரு பிழையான பக்தி நுழைந்துவிடுகிறது. பட்டுத் தீர்த்தால்தான் வினை தீரும் என்று சொல்லி மோர்பினைத் தள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொடங்கினால் ஆள் முடிந்தார் என்று பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். புற்றுநோய் வலிக்கு மோர்பினை முறையாகக் கொடுக்கும் வழியை உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வகுத்துவிட்டது. டொக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நேரத்தில் எடுத்தால், அது நோயாளிக்குத் தூக்கத்தையும் பேச்சையும் திருப்பிக் கொடுக்கும். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோன்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தி உள்ளவர். உடம்பு, மனம், உறவு, ஆன்மா நாலிலும் நோயாளிக்கு வலி இருக்கிறது, நாலுக்கும் மருந்து வேண்டும் என்றார். அதில் உடம்பின் வலியை அவர் முதலில் அடக்கினார். வலியில் துடிக்கிறவரால் கடவுளையும் நினைக்க முடியாது, பிள்ளையின் முகத்தையும் பார்க்க முடியாது.

இப்படியான ஆதரவுச் சிகிச்சையைக் கடைசி வாரத்தில் தேட வேண்டியதில்லை. போஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. நோய் தெரிந்த உடனேயே வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்கள் இடைநிலையாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சையைக் குறைவாகப் பெற்றும் அவர்களே கூடுதல் நாள் இருந்தார்கள்; மனச்சோர்வும் குறைவு.

கூட இருந்து பார்க்க ஆள் வேண்டும் என்பதில் மட்டக்களப்பு ஒரு காலத்தில் கொடுத்து வைத்த ஊர். தாய்வழிக் குடி முறையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்வார். அதனால் அக்கா தங்கச்சிகளின் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவிலோ இருக்கும். ஒரு வீட்டில் கஞ்சி வடித்தால் மற்ற வீட்டு நோயாளிக்கும் போகும். யுத்தம் அந்த வளவுகளைச் சிதைத்தது. 2004 டிசம்பர் கடல்கோள் கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்களை அடியோடு அழித்தது. மிச்சத்தை வறுமை கலைத்தது: தாயைப் பார்க்க வேண்டிய மகள் குவைத்திலோ சவூதியிலோ இன்னொருவரின் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஆள்துணை இல்லாத நோயாளிகள்தான் முதலில் திண்டாடினார்கள்.

குடும்பத்தால் முடியாததை ஊர் எடுத்துச் செய்யலாம் என்பதற்குக் கேரளம் வழி காட்டியிருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் தோழர்களும் வலி நிவாரணத்துக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்தில் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் கடைக்காரரும் மாணவரும் இல்லத்தரசிகளும் பயிற்சி எடுத்து, சிறு சிறு காசாகச் சேர்த்து, நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார்கள். 2008இல் மாநில அரசே அதைக் கொள்கையாக்கியது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் துயரம் இருக்கிறது. தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்த முத்துலட்சுமி ரெட்டி, பல ஆண்டு போராடி 1954இல் அதைத் தொடங்கினார். யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் 2013இல் திறந்த புற்றுநோய் வைத்தியசாலைக்கு, 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்து நிதி திரட்டினார்கள்.

மட்டக்களப்புக் கோயில்களுக்கு இதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மார் இருக்கிறார்கள். திருவிழா நாட்களைக் குடிகளும் ஊர்களும் பங்குபோட்டுச் செய்கின்றன. எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் போகாது. ஒரு நாள் திருவிழாச் செலவில் ஒரு பகுதியை எடுத்தால், மகரகமவுக்குப் போகும் எத்தனையோ நோயாளிகளுக்கும் துணைக்குப் போகிறவர்களுக்கும் ரெயில் காசும் தங்குமிடச் செலவும் ஆகும். தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இதில் சேரலாம். புற்றுநோய்ப் பிரிவின் வாங்கில் காத்திருப்பவர்கள் எல்லாச் சமயத்தவரும்தான். எந்த வீட்டில் நோயாளி, எந்த நாள் கிளினிக், அன்றைக்குக் கூடப் போவது யார், வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பது யார் என்று எழுதிவைக்க ஒரு கொப்பியும், அதைப் பொறுப்பெடுக்க இரண்டு மூன்று பேரும் போதும். அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்திலேயே இந்த விஷயத்தை எடுத்துப் பேசலாம்.